ஏனையவை

பிரதேச செயலகம், மூன்றாம் மேசை.
காற்றாடி சுற்றுக்கு ஒருக்கால் இருமுகிறது.
வெளியே ஆடிக் காற்று. நோன்பு பதினேழு.

குகநேசன் என்னைக் கண்டதும் எழும்பினார்,
கதிரையைத் தானே இழுத்துப் போட்டார்.
"மஸாஹிரா! கணக்கு டியூசன், முன்வாங்கு!"
நல்ல மனிசன்.
அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

எனக்குத் தேத்தண்ணி சொன்னார்.
பின்னால் நின்ற எல்லாருக்கும் சொன்னார்.
"நாங்கள் இஞ்சை இனம் மதம் ஒண்டும் பாக்கிறேல்லை.
எல்லாருக்கும் ஒரே படிவம், ஒரே புள்ளி."
சொல்லும்போது அவர் முகத்தில்
காலையில் குளித்து நீறு பூசிய துப்புரவு.

படிவமும் எவரையும் பாராத படிவம்தான்.
பத்து வருசம் விடாமல் குடியிருந்தால் இருபது புள்ளி.
வாக்காளர் இடாப்பில் பெயர் கிடந்தால் பத்து.
காணியில் ஒரு கொட்டிலாவது நின்றால் பதினைந்து.
எங்கள் காணியில் நிற்பது ஒரு வேம்பு,
அதுவும் நாங்கள் நட்டதல்ல.
ஏதோ ஒரு காகம்.

இடம்பெயர்ந்த காரணம்:
யுத்தம்.
கடற்கோள்.
ஏனையவை.

யுத்தம் என்று அடையாளம் போடலாம்தான்.
யுத்தத்துக்கு ஓடினவர்கள் ஊரோடு ஓடினார்கள்.
அந்த ஐப்பசிச் செவ்வாய்
ஒலிபெருக்கி எங்கள் தெருக்களுக்குள் மட்டும் வந்தது.
ஒழுங்கை முடக்கில் அது திரும்பிப் போக,
முடக்குக்கு அங்கால் வீட்டில்
மீன்குழம்பு கொதித்துக்கொண்டே இருந்தது.
இரண்டு மணித்தியாலம்.
தங்கச்சியின் காதில் கிடந்த தோட்டைக்கூடக் கழற்றினார்கள்.
வாப்பாவின் இரும்புக்கடைத் திறப்பை
வாங்கி ஒரு பேணிக்குள் போட்டார்கள்.
பேணி ஏற்கனவே அரைவாசி நிறைந்திருந்தது.

அன்றைக்குப் பார்த்தார்கள், குகநேசன்.
வீடு வீடாக, பெயர் பெயராக,
ஒரு பிழை விடாமல் பார்த்தார்கள்.
பார்த்து எடுத்ததைப்
பார்க்காமல் எப்படித் திருப்பித் தருவது?

இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.
அவர் வேறொரு கதையில் இருந்தார்.
போன மாதம் கொழும்புக் கூட்டத்தில்
ஒரு பெரிய அதிகாரி எழும்பி,
"இனித் தமிழர், சிங்களவர் எண்டு ஒண்டுமில்லை,
எல்லாரும் ஒரே நாட்டவர்" என்றாராம்.
"அதையும் சிங்களத்திலேயே சொல்லுறான், பாருங்கோ!"
குகநேசன் மேசையில் தட்டினார்.
நான் தலையாட்டினேன்.
அவருக்கு அது எங்கே குத்தியதென்று
எனக்கு நன்றாகவே தெரிந்தது.

தேத்தண்ணி வந்தது.
"டியூசனிலையும் சரி, நீங்கள் முஸ்லிம் எண்டு
ஒருநாளும் எனக்குத் தோன்றினதில்லை."

இல்லை, உங்களுக்குத் தோன்றியது.
அந்த வருசத்துச் சித்திரை,
தகரக் கூரைக்குக் கீழே நாற்பது பேர்,
அட்சரகணிதம் வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது.
நீங்கள் தண்ணீர்ப் போத்தலை எடுத்தீர்கள்,
என் பக்கம் ஒருக்கால் பார்த்தீர்கள்,
மூடியைத் திரும்ப இறுக்கினீர்கள்.
பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் போய்க்
குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தீர்கள்.
நோன்பு முடியுமட்டும் அப்படித்தான்.
ஒருவரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை.
புத்தளத்து ஓலைக் கொட்டிலில்
உப்புத் தண்ணீரில் பிள்ளைக்குப் பால்மா கரைத்த இரவுகளில்
யாழ்ப்பாணத்தை முழுக்க வெறுக்க முடியாமல்
என்னைத் தடுத்தவை நாலைந்து விசயங்கள்.
அதில் ஒன்று அந்த மூடி.

ஏனையவைக்கு எதிரே கிடந்த கோடு
ஒரு விரல் நீளம்.
எழுதத் தொடங்கினேன்.
கோடு முடிந்தது, ஓரத்தில் ஏறினேன்,
ஓரம் முடியத் தாளைத் திருப்பினேன்.
"அலுவலக உபயோகத்துக்கு மாத்திரம்" என்ற பெட்டிக்குள்ளும்
என் எழுத்துப் போய்விட்டது.

குகநேசன் பொறுமையாகக் காத்திருந்தார்.
கோப்பையில் ஆடை படர்ந்திருந்ததை
அப்போதுதான் கண்டார்.

"ஏன் குடிக்கேல்லை?
சீனி காணாதோ?"